வாங்க ஒரு மரக்கால், கொடுக்க ஒரு மரக்கால்!

ஹைகோர்ட் நீதிபதி நியமனத்தில் மக்களுக்கு இடம் எங்கே?

2023 ஜனவரி 17ஆம் தேதி டில்லியில் சுப்ரீம் கோர்ட்டின் தலைமை நீதிபதியும் அவருக்கு அடுத்த இரண்டு மூத்த நீதிபதிகளும் கூடினார்கள். இந்தக் கூட்டத்துக்குக் கொலீஜியம் என்று பெயர். சென்னை ஹைகோர்ட்டுக்கு யார் யார் நீதிபதிகளாக வரவேண்டும் என்று முடிவு செய்து கையெழுத்திட்டார்கள். அன்று கையெழுத்தான காகிதங்களில் இருந்த இரண்டு பெயர்களைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறோம். ஒருவர் ஆர். ஜான் சத்யன், சென்னை வக்கீல். மற்றவர் எல். விக்டோரியா கௌரி, நம் குமரி மாவட்டத்துக்காரர். ஹைகோர்ட்டின் மதுரைக் கிளையில் மத்திய சர்க்காருக்காக வாதாடி வந்த வக்கீல்.

ஒரே நாள், ஒரே மேஜை, அதே மூன்று பேர். அப்புறம் நடந்ததைக் கேளுங்கள், தோழர்களே!

ஜான் சத்யன் பெயர் அன்றுதான் முதல் தடவை போனது என்பதல்ல. அதற்குப் பதினோரு மாதம் முன்பே, 2022 பிப்ரவரி 16ஆம் தேதியே, கொலீஜியம் அவரைச் சிபாரிசு செய்துவிட்டது. மத்திய சர்க்கார் கோப்பைத் திருப்பி அனுப்பியது. என்ன குற்றம்? பிரதம மந்திரியை விமர்சித்து ஒரு செய்தித்தளத்தில் வந்த கட்டுரையை அவர் தம் பக்கத்தில் பகிர்ந்துகொண்டாராம். 2017இல் 'நீட்' கொடுமையால் உயிரை மாய்த்துக்கொண்ட மாணவி அனிதாவுக்காக மனம் நொந்து ஒரு வரி எழுதினாராம். இவ்வளவுதான்! இதைக் கண்டுபிடித்தது மத்திய உளவுத்துறை. வேடிக்கை என்னவென்றால், அதே உளவுத்துறை அறிக்கையில் இவருக்கு வெளிப்படையான அரசியல் சார்பு எதுவும் இல்லை என்றும், நல்ல பெயர் உண்டு என்றும் எழுதியிருந்தது. கொலீஜியம் அதையெல்லாம் எடுத்துக் காட்டி, கட்டுரையைப் பகிர்ந்துகொண்டது ஒரு குறையே அல்ல என்று தீர்மானம் எழுதி, ஜனவரி 17இல் இரண்டாம் தடவையும் அவர் பெயரை அனுப்பியது.

விக்டோரியா கௌரி பெயர் அன்று முதல் தடவையாகப் போனது. அவர் பாரதிய ஜனதாக் கட்சியின் மகளிர் அணியில் தேசியப் பொதுச்செயலாளர் பொறுப்பு வகித்தவர். கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் பற்றி அவர் பேட்டிகளில் பேசியதையும் கட்டுரையில் எழுதியதையும் எடுத்துக் காட்டி, சென்னை ஹைகோர்ட் வக்கீல்கள் 21 பேர் ஜனாதிபதிக்கும் கொலீஜியத்துக்கும் ஆட்சேப மனு அனுப்பினார்கள். மதுரையில் வக்கீல்கள் 54 பேர் அவரை ஆதரித்தும் எழுதினார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும். சர்க்கார் என்ன செய்தது? இருபதே நாளில், பிப்ரவரி 6ஆம் தேதி, நியமன உத்தரவு போட்டுவிட்டது. மறுநாள் காலை சுப்ரீம் கோர்ட்டில் ஆட்சேப மனு விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே சென்னையில் பதவிப் பிரமாணம் நடந்தது. அங்கே வாதம், இங்கே பிரமாணம்! மனு தள்ளுபடியாயிற்று.

ஒருவர் பிறர் எழுதிய கட்டுரையைப் பகிர்ந்துகொண்டார். அது ஆளுங்கட்சிக்குப் பிடிக்காத கட்டுரை. மற்றவர் தாமே பேசினார், தாமே எழுதினார். அவர் ஆளுங்கட்சியிலேயே பொறுப்பில் இருந்தவர். முதலாமவரின் ஒரு பகிர்வைக் கண்டுபிடிக்க உளவுத்துறைக்குப் பூதக்கண்ணாடி கிடைத்தது. இரண்டாமவரின் பேட்டிகளோ ஊரறிய ஓடிக்கொண்டிருந்தவை. சிபாரிசு அனுப்பிய பிறகுதான் சில விஷயங்கள் தம் கவனத்துக்கு வந்தன என்று தலைமை நீதிபதியே பிப்ரவரி 6ஆம் தேதி கோர்ட்டில் சொன்னார். பூதக்கண்ணாடி அப்போது எங்கே போயிற்று?

நாஞ்சில் நாட்டு வயல்களில் கும்பப்பூ அறுத்துக் களம் கண்ட பெரியவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. பாட்டம் வாங்க ஒரு மரக்கால், கூலி கொடுக்க ஒரு மரக்கால்! தஞ்சைத் தரணியில் 1940களில் விவசாயச் சங்கம் கேட்ட கோரிக்கைகளில் ஒன்று முத்திரை மரக்கால். சர்க்கார் முத்திரை குத்திய மரக்கால் வேண்டும் என்று பண்ணையாரிடம் கேட்டோம். இப்போது அந்தச் சர்க்காரிடமே கேட்க வேண்டியதாகிவிட்டது.

கட்சிக்காரர் நீதிபதி ஆகலாமா?

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். குமரி மாவட்டப் பெண் ஒருவர் ஹைகோர்ட் நீதிபதியாவது நமக்கு வருத்தமான சேதி அல்ல. அவர் நாற்காலியில் அமர்ந்து எழுதிய தீர்ப்புகளைப் பற்றி இங்கே பேசவுமில்லை. கட்சியில் இருந்தவர் நீதிபதியாகவே கூடாது என்று நாம் வாதாடினால் நம் வாயாலேயே நாம் மாட்டிக்கொள்வோம். வி.ஆர். கிருஷ்ணய்யர் யார்? 1957இல் கேரளத்தில் தோழர் இ.எம்.எஸ். தலைமையில் அமைந்த மந்திரிசபையில் சட்ட மந்திரி! 1968இல் கேரள ஹைகோர்ட் நீதிபதி. 1973இல் காங்கிரஸ் ஆட்சியில் சுப்ரீம் கோர்ட் நீதிபதி. இரண்டு வருஷம் கழித்து, 1975 ஜூன் 24இல், தம்மை நியமித்த ஆட்சியின் பிரதம மந்திரியான இந்திரா காந்தி தம் தேர்தல் வழக்கில் முழுத் தடை கேட்டு வந்தபோது, நிபந்தனையோடுதான் தடை கொடுத்தார். 1978இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் அவர் எழுதிய தீர்ப்பு, ஆஸ்பத்திரி ஊழியரும் கல்வி நிலைய ஊழியரும் தொழில் தகராறுச் சட்டத்தின் நிழலுக்குள் வர வழி செய்தது.

இதற்கு நேர் எதிர் பஹருல் இஸ்லாம். காங்கிரஸ் ராஜ்யசபா உறுப்பினராக இருந்து, 1972இல் கௌஹாத்தி ஹைகோர்ட் நீதிபதியானார். ஓய்வு பெற்ற பின் 1980இல் அவரை மறுபடி தேடிப்பிடித்து சுப்ரீம் கோர்ட்டில் உட்கார வைத்தார்கள். பீகார் காங்கிரஸ் முதல் மந்திரி ஜகந்நாத் மிஸ்ரா கூட்டுறவு வங்கி வழக்கிலிருந்து விடுபட்ட தீர்ப்பில் பங்கெடுத்தார். 1983இல் ராஜினாமா செய்துவிட்டு, மறுபடியும் காங்கிரஸ் ராஜ்யசபா உறுப்பினர்! வந்த வாசலும் போன வாசலும் ஒன்றே.

ஆகவே பழைய கட்சிக்கொடி ஒன்றே அளவுகோல் ஆகாது. 'அரசியல் பின்னணி உள்ளவர்கள் முன்பும் நீதிபதிகளாகியிருக்கிறார்கள்' என்று சுப்ரீம் கோர்ட் 2023 பிப்ரவரி 7இல் சொன்னது சரிதான். ஆனால் வக்கீல்களின் ஆட்சேபம் அது அல்லவே! ஒரு மதத்தாரைப் பற்றிப் பொதுமேடையில் பகைமையாகப் பேசியவர் முன்னால் அந்த மதத்து ஏழை கைகட்டி நிற்கும்போது அவனுக்கு நம்பிக்கை வருமா என்பதுதான் கேள்வி. அதற்குக் கோர்ட் பதில் சொல்லவில்லை. 'தகுதி உண்டா என்றுதான் பார்ப்போம். பொருத்தமானவரா என்று பார்ப்பது எங்கள் வேலை அல்ல' என்று கதவைச் சாத்திவிட்டது. பொருத்தத்தைப் பார்க்க வேண்டிய கொலீஜியம் உள்ளே கூடுகிறது, ஆட்சேபக்காரன் வெளியே நிற்கிறான். பார்த்தார்களா இல்லையா என்று கேட்க ஒரு சன்னல்கூட இல்லை.

நமக்கு என்ன?

'நாற்று நடுகிறவளுக்கும் முந்திரி ஆலையில் தோலுரிக்கிறவளுக்கும் ஹைகோர்ட் எதற்கு?' என்று யாராவது கேட்டால், நம் ஊர்க் கதையையே சொல்லுங்கள். 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் என்ன நடந்தது? போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பறிபோயின. கடற்கரையும் உள்நாடும் பகைமூண்டு எரிந்தன. நீதிபதி வேணுகோபால் கமிஷன் விசாரித்தது. கலவரம் தணிந்து இரு தரப்பும் ஒரே சந்தையில் மறுபடி மீனும் தேங்காயும் விற்று வாங்க எத்தனை காலம் பிடித்தது என்று அந்தத் தலைமுறைக்குத் தெரியும். இந்த மாவட்டத்தில் கோவில் தகராறும் சர்ச் தகராறும் எந்த நேரத்திலும் கோர்ட் படியேறலாம். 2004 முதல் நமக்கு ஹைகோர்ட் என்றால் மதுரைக் கிளைதான். அங்கே உட்காருகிறவர் நடுநிலையாளர் என்று வாதியும் பிரதிவாதியும் இருவருமே நம்ப வேண்டும். ஒருவன் நம்பினால் போதாது.

கூலிக்கும் வேலைக்கும் வருவோம். 1968 டிசம்பர் 25இல் வெண்மணியில் 44 பேர் தீயில் கருகினார்கள். நாகப்பட்டினம் செஷன்ஸ் கோர்ட் 1970இல் தண்டித்த மிராசுதார்களை, பெரிய பணக்காரர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்று சொல்லிப் பிறகு விடுவித்தது எது? சென்னை ஹைகோர்ட்! கார் வைத்திருப்பவன் கொலைக்குக் காலால் நடக்கமாட்டான் என்பது எந்தச் சட்டப்புத்தகத்தில் இருக்கிறது? சட்டப்புத்தகத்தில் இல்லை, தீர்ப்பு எழுதியவர்களின் மனத்தில் இருந்தது. 2003 ஜூலையில் ஜெயலலிதா சர்க்கார் டெஸ்மா சட்டத்தைக் கையிலெடுத்துச் சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பியது. தோழர் டி.கே. ரங்கராஜன் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். ஆகஸ்ட் 6ஆம் தேதி தீர்ப்பு வந்தது: அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை! தார்மீகத்தை அளக்கவும் கோர்ட்டில் மரக்கால் இருக்கிறது போலும்.

நீதிபதிகளின் வர்க்கச் சார்பைப் பற்றிப் பேசியதற்காகத் தோழர் இ.எம்.எஸ். முதல் மந்திரியாக இருந்தபோதே கோர்ட் அவமதிப்பு வழக்கைச் சந்தித்தார். கேரள ஹைகோர்ட் ஆயிரம் ரூபாய் அபராதம் போட்டது. 1970இல் சுப்ரீம் கோர்ட் அதை ஐம்பது ரூபாயாகக் குறைத்து, கூடவே மார்க்ஸை அவர் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று பாடமும் நடத்தியது. அபராதத்தைக் குறைத்தார்கள், உபதேசத்தை இலவசமாகச் சேர்த்தார்கள்! மத்திய சர்க்காரே பார்லிமெண்டுக் குழுவிடம் கொடுத்த கணக்கு ஒன்று உண்டு: 2018 முதல் 2022 வரை ஹைகோர்ட்டுகளில் நியமிக்கப்பட்ட 537 நீதிபதிகளில் தாழ்த்தப்பட்டோர் 2.8 சதம், பழங்குடியினர் 1.3 சதம், பிற்பட்டோர் 11 சதம், சிறுபான்மையினர் 2.6 சதம். இ.எம்.எஸ். சொன்னது அவமதிப்பா, இந்தக் கணக்கு அவமதிப்பா?

'மக்கள் தீர்ப்பு' என்னும் போர்வை

இதற்கு டில்லி ஆட்சியாளர்கள் ஒரு மருந்து வைத்திருக்கிறார்கள். 'நீதிபதிகளே நீதிபதிகளை நியமிப்பது எந்த நாட்டில் உண்டு? மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்தது எங்களை; ஆகவே நியமனத்தில் எங்கள் கை இருக்க வேண்டும்' என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 217ஆவது ஷரத்து கொலீஜியம் என்ற சொல்லையே சொல்லவில்லை. தலைமை நீதிபதியையும் கவர்னரையும் ஹைகோர்ட் தலைமை நீதிபதியையும் கலந்துகொண்டு ஜனாதிபதி நியமிப்பார் என்றுதான் சொல்கிறது. 'கலந்துகொள்வது' என்றால் 'கட்டுப்படுவது' என்று 1993இல் சுப்ரீம் கோர்ட் தானே தீர்ப்பு எழுதி அதிகாரத்தைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டது. யாரும் ஓட்டுப் போடவில்லை; உண்மைதான்.

ஆனால் நீதிபதிகள் ஏன் அப்படிச் செய்தார்கள்? அதற்கு முன்பு ஆட்சியாளர் கையில் அந்த அதிகாரம் இருந்தபோது நடந்ததை நாடு மறக்கவில்லை. 1973 ஏப்ரலில், கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த கையோடு, மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என். ராய் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். மூவரும் ராஜினாமா செய்தார்கள். நீதிபதியின் சமுதாயத் தத்துவத்தையும் சர்க்கார் பார்க்க வேண்டும் என்று பார்லிமெண்டில் வாதாடியவர் ஒரு காலத்தில் செங்கொடி பிடித்த மோகன் குமாரமங்கலம். நீதிபதிக்கும் தத்துவம் உண்டு என்பது முக்காலும் உண்மை. ஆனால் அதைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தை மந்திரிசபையிடம் கொடுத்தால் என்ன விளையும்? மூன்றே வருஷத்தில் விளைந்தது. அவசர நிலையில் 16 ஹைகோர்ட் நீதிபதிகள் ஊர் ஊராகப் பந்தாடப்பட்டார்கள். 1976 ஏப்ரல் 28இல், விசாரணையின்றிச் சிறையிலடைத்தாலும் கோர்ட்டைக் கேட்க முடியாது என்று நான்கு நீதிபதிகள் சொன்னார்கள்; முடியும் என்று சொன்ன ஒரே நீதிபதி எச்.ஆர். கன்னா. 1977 ஜனவரியில் தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டிப் போயிற்று.

2014இல் பா.ஜ.க. சர்க்கார் நீதிபதி நியமன ஆணையம் கொண்டுவந்தது. மூன்று நீதிபதிகள், சட்ட மந்திரி, 'பிரபலஸ்தர்கள்' இரண்டு பேர். ஆறு பேரில் இரண்டு பேர் வேண்டாம் என்றால் பெயர் விழுந்துவிடும். பார்லிமெண்டில் ஏறக்குறைய எல்லோரும் கை தூக்கினார்கள். 2015 அக்டோபர் 16இல் நான்கு நீதிபதிகள் அதைச் செல்லாது என்றார்கள். செலமேஸ்வர் ஒருவர் மட்டும் மாறுபட்டார். அன்று முதல் நடப்பது என்ன? கதவின் இந்தப் பக்கம் கொலீஜியம், அந்தப் பக்கம் சர்க்கார். சட்டப்படி ஒருமுறைதான் கோப்பைத் திருப்பலாம். மறுபடி அனுப்பினால் நியமித்தே ஆகவேண்டும். மூன்று நான்கு வாரத்துக்குள் நியமிக்க வேண்டும் என்று 2021 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் சொல்லியும் இருக்கிறது. சர்க்கார் மறுப்பதில்லை. கோப்பின்மேல் உட்கார்ந்துகொள்கிறது! எந்தப் பார்லிமெண்டும் கொடுக்காத ரத்து அதிகாரம் இப்படி மௌனத்தால் சம்பாதிக்கப்படுகிறது. மக்கள் பெயரால் அதிகாரம் கேட்கிறவன் மக்களுக்குத் தெரியாமல் ஏன் உட்கார வேண்டும்?

தமிழரான நீதிபதி எஸ். முரளிதர் கதையைப் பாருங்கள். 2020 பிப்ரவரியில் டில்லிக் கலவரத்தின்போது, வெறுப்புப் பேச்சுப் பேசிய ஆளுங்கட்சித் தலைவர்கள்மேல் ஏன் வழக்குப் போடவில்லை என்று போலீசைக் கேட்டார். அன்றிரவே மாற்றல் உத்தரவு வந்தது. 2022 செப்டம்பர் 28இல் அவரைச் சென்னை ஹைகோர்ட்டுக்குத் தலைமை நீதிபதியாகக் கொலீஜியம் சிபாரிசு செய்தது. மாதங்கள் ஓடின, சர்க்கார் அசையவில்லை. 2023 ஏப்ரலில் கொலீஜியமே சிபாரிசைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதுவரை சென்னைக்குத் தற்காலிகத் தலைமை நீதிபதிதான். சர்க்கார் உட்கார்ந்தது குற்றம் என்றால், கொலீஜியம் எழுந்து போனதற்கு என்ன பெயர்?

பகிரங்கமாக ஓட்டெடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? அமெரிக்காவில் அப்படித்தான், செனட் சபை ஓட்டுப் போட்டு நீதிபதியை உறுதி செய்கிறது. 2016 மார்ச்சில் ஒபாமா நியமித்த மெரிக் கார்லண்டை, அது தேர்தல் ஆண்டு என்று சொல்லி விசாரிக்கவே மறுத்தது குடியரசுக் கட்சி. 2020இல் அதே கட்சி, தேர்தலுக்கு எட்டு நாள் இருக்கும்போது ஏமி பாரெட்டை 52-க்கு 48 ஓட்டில் உறுதி செய்தது. அங்கேயும் இரண்டு மரக்கால்! ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும், ஏறக்குறைய நான்கு கோடிப் பேர் வாழும் கலிபோர்னியாவுக்கும் அந்தச் சபையில் ஆளுக்கு இரண்டு இடம். அந்த ஓட்டில் அமர்ந்த ஆயுட்கால நீதிபதிகள் 2022 ஜூனில் பெண்களின் ஐம்பதாண்டுக் கருக்கலைப்பு உரிமையைப் பறித்தார்கள். ஒன்று மட்டும் உண்டு: அங்கே யார் எப்படி ஓட்டுப் போட்டார் என்று குடிமகனுக்குத் தெரியும். இங்கே அதுவும் கிடையாது.

ஆகவே மந்திரி பக்கமும் நம் கொடியை நட முடியாது. மூடிய அறைக்கும் நாம் காவல் நிற்க முடியாது. நாம் கேட்பது வேறு. சிபாரிசு டில்லிக்குப் போகும் முன்பே பெயர்கள் வெளியே வரட்டும். நாகர்கோவில் கோர்ட் வளாகத்து அறிவிப்புப் பலகை வரை வரட்டும். ஆட்சேபம் சொல்ல நாள் கொடுக்கட்டும். ஆட்சேபத்தைப் பரிசீலித்துப் பதில் எழுதட்டும். சர்க்காருக்கு ஆட்சேபம் என்றால் அதுவும் எழுத்தில், பகிரங்கமாக, தவணைக்குள் வரட்டும். தவணை கடந்தால் நியமனம் ஆனதாகவே கொள்ளட்டும். நீதிபதிகளும் வக்கீல்களும் எதிர்க்கட்சியும் உட்காரும், ஆனால் மந்திரிசபைக்குக் கழுத்தை நெரிக்கும் அதிகாரம் இல்லாத ஒரு நிரந்தரக் கமிஷன் வரட்டும். ஓய்வு பெற்றதும் பதவி கிடைக்கும் என்ற ஆசைக்கும் பூட்டுப் போடட்டும். தலைமை நீதிபதியாயிருந்த ரஞ்சன் கோகோய் 2019 நவம்பரில் ஓய்வு பெற்று 2020 மார்ச்சில் ராஜ்யசபாவில் இருந்தார். கல்கத்தா ஹைகோர்ட் நீதிபதி அபிஜித் கங்கோபாத்யாய் 2024 மார்ச் 5இல் ராஜினாமா செய்து 7ஆம் தேதி பா.ஜ.க.வில் சேர்ந்தார். நடுவே ஒரே ஒரு நாள்!

2023 மார்ச் 21ஆம் தேதி கொலீஜியம் சென்னைக்கு மேலும் சில பெயர்களை அனுப்பியபோது, ஜான் சத்யனின் நியமனம் நிறுத்தி வைக்கப்பட்டிருப்பது கவலைக்குரியது, அவருடைய சீனியாரிட்டி பறிபோகிறது என்று எழுதி வைத்தது. அந்தப் பட்டியலில் இருந்த நான்கு மாவட்ட நீதிபதிகள் மே மாதமே ஹைகோர்ட்டில் பதவியேற்றார்கள். 2023 பிப்ரவரியில் கூடுதல் நீதிபதிகளாகப் பிரமாணம் எடுத்த ஐவரும், விக்டோரியா கௌரி உட்பட, 2024 செப்டம்பரில் நிரந்தரமானார்கள். ஜான் சத்யன் கோப்பு எந்த மேஜையில், யாருடைய பேப்பர் வெயிட்டின் கீழ் இருக்கிறது, ஏன் இருக்கிறது என்று நம் மாவட்டத்து எம்.பி. பார்லிமெண்டில் எழுந்து கேட்க வேண்டும். ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வரும் ஒவ்வொருவரிடமும் முதலில் இதைக் கேட்போம்.